கதிரை என்றார் என் கணவர்

பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த என் கணவர், கண் விழித்து முதலில் சொன்ன சொல் என் பெயர் அல்ல. "கதிரை" என்றார்.

எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். இத்தனை வருஷம் சமைத்துப் போட்டவள், ராப்பகலாகத் தூங்காமல் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். என்னைத் தாண்டி மனிதருக்குத் தளபாடம் ஞாபகம் வருகிறது. இருந்தாலும், எழுந்து உட்கார ஆசைப்படுகிறார் என்று சந்தோஷப்பட்டேன். தமிழ்நாட்டில் நாற்காலி என்பதை நாங்கள் இங்கே இலங்கையில் கதிரை என்போம். வாட்டில் இருந்த மிஸ்ஸி, அதாவது தாதி, சிங்களப் பெண். அவளிடம் "புட்டுவ" கேட்டுக் கெஞ்சி, ஒரு கதிரையைத் தூக்கிவந்து கட்டிலருகே போட்டேன். அவர் கதிரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கடைக்கு வந்து எல்லாச் சாமானையும் இறக்கச் சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமல் போகிறவர்களைப் பார்க்கிற அதே பார்வை.

"கதிரை," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில், மகாவலிப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, ஹார்ட்வெயர் கடை வைத்திருப்பவர். ஆணி, பூட்டு, பெயின்ட், குழாய் எல்லாம் உண்டு. ஆனால் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அவருடைய வாய்தான். சிங்களத்தில் சிரித்துக்கொண்டே திட்டுவார், தமிழில் மனசாரத் திட்டுவார், ஆங்கிலத்தில் இலக்கணத்தையும் சேர்த்துத் திட்டுவார். திட்டு வாங்குவதற்கென்றே வருகிற வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். கடவுளுக்கும் அதே மரியாதைதான். "ஆறு மூஞ்சி இருக்கு, அதுல ஒன்னக்கூட நம்ம பக்கம் திருப்பத் தெரியலியே" என்று முருகனைக் கேட்பார். அப்பேர்ப்பட்ட வாய் ஒரு காலையில் பெயின்ட் டின்களுக்கு நடுவே கோணிக்கொண்டு சரிந்தது. எழுந்தபோது அதில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு நான் விடவில்லை. பிளாஸ்டிக் கதிரை, பிரம்புக் கதிரை, சாய்வுக் கதிரை என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினேன். கடையிலிருந்து அவருடைய பழைய ஸ்டூலைக்கூட ஓட்டோவில் ஏற்றி வந்தேன். எல்லாவற்றுக்கும் "கதிரை" என்று தலையில் அடித்துக்கொண்டார், நல்ல கையால். தலையை ஆட்டிச் சொல்லுங்கள் என்றால், ஆமாம் என்று ஆட்டிவிட்டு இல்லை என்று முகத்தைச் சுளிப்பார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாமென்று ஆட்டிவிட்டுத் தம்ளரைப் பிடுங்கிக் குடிப்பார்.

இந்த நிலையில்தான் மாத்தளையிலிருந்து என் நாத்தனார் வாட்ஸப்பில் வீடியோ கோல் எடுத்தார். என் கணவருக்கு மூத்த அக்கா. போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"தம்பி, அக்கா பேசுறேன்டா. என்னடா செய்யுது?"

"கதிரை."

அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அவர்கள் வீட்டு மின்விசிறி மட்டும் தெரிந்தது. பிறகு நாத்தனாரின் முகம் கண்ணீரோடு திரும்பி வந்தது.

"முருகா! கதிரைக்குக் கூப்பிடுறானே! கேட்டியாம்மா நீ? கதிர்காமத்துக்குக் கூட்டிட்டுப் போன்னு சொல்றான்!"

பழைய பக்திப் பாட்டுகளில் கதிர்காமத்துக்குக் கதிரை என்றும் ஒரு பெயர் உண்டு. அது எனக்கும் தெரியும். ஆனால் என் கணவர் ஜென்மத்தில் அந்தப் பெயரைப் பாட்டாகச் சொன்னவர் இல்லை. அவருக்குக் கதிர்காமம் என்றால் ஆடி மாசத்தில் வியாபாரத்தைக் கெடுக்கிற ஓர் ஊர், அவ்வளவுதான்.

"அண்ணி, அவர் கோயில் வாசல் மிதிச்சதே எங்க கல்யாணத்துக்குத்தான். அதுவும் சாப்பாடு அங்கதான் போட்டாங்கன்னு," என்றேன்.

"அதனாலதான்மா. இவ்வளவு நாள் போகாதவனை அவன் கூப்பிடுறான்."

அன்று மாலைக்குள் எங்கள் குடும்ப வாட்ஸப் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு கட்சி, அவர் உட்காரக் கேட்கிறார் என்றது. மறு கட்சி, அவர் முருகனைக் கேட்கிறார் என்றது. கனடாவில் இருக்கிற ஒரு மருமகன் மட்டும் பெருவிரலை உயர்த்திக் காட்டும் படத்தை இரண்டு கட்சிக்கும் போட்டான்.

எங்கள் மேல்மாடியில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி குடியிருந்தார். பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிப்பிக்கிறவர். ஒல்லியான, பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்த இரண்டாவது குணத்தால் அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது என் எண்ணம். அவர் பார்க்க வந்தபோது இந்தக் கதிரைத் தகராறைச் சொன்னேன். என் கணவர் பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்தார். தம்பி தேநீரைக் கீழே வைத்தார்.

"அக்கா, நான் ஒண்டு சொல்லட்டே? கோவிக்கக்கூடாது."

"சொல்லுங்க தம்பி."

"அண்ணை எதைப் பற்றிச் சொல்லுறார் எண்டுதானே எல்லாரும் சண்டை பிடிக்கிறியள்? ஆனா ஒரு நினைப்பு இன்னொரு பொருளைப் பற்றினது எண்டுறதே சந்தேகமான விசயம்." சுவரைக் காட்டினார். மழைக்கு ஊறி ஈரக்கறை படிந்திருந்தது. கண்டியில் கறை இல்லாத சுவர் ஏது? "உந்தக் கறையைப் பாருங்கோ. இலங்கைப் படம் மாதிரி இல்லையே?"

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பக்கம் கொஞ்சம் உரிந்திருந்தது.

"அந்தக் கறை இலங்கையைப் பற்றினதோ?"

"அது எப்படி? அது வெறும் ஈரம்."

"ஓம். மூளைக்குள்ளையும் நடக்கிறது ஒருவகை ஈரம்தான் அக்கா. இரசாயனம், மின்சாரம். ஒரு ஈரம் எப்பிடி இன்னொரு பொருளைச் சுட்டும்? நாங்கள் வெளியிலை நிண்டு பார்த்து, இது கதிரையைப் பற்றின நினைப்பு, இது முருகனைப் பற்றின நினைப்பு எண்டு பேர் வைக்கிறம். உள்ளுக்கை பார்த்தால் ஒண்டும் ஒண்டையும் பற்றினதில்லை. அப்பிடி ஒரு கட்சி இருக்கு. நான் அந்தக் கட்சி."

எனக்குச் சுருக்கென்றது. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒன்றையும் பற்றாமல் பக்கம் பக்கமாகப் பேசுகிற மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதையே ஒரு கொள்கையாக வைத்திருக்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"அப்படின்னா தம்பி, இப்ப நீங்க சொன்னீங்களே, அது எதைப் பத்தி?"

அவர் சிரித்துவிட்டார். "அதைத்தான் மற்றக் கட்சிக்காரரும் கேக்கினம். அதுக்கு எங்களிட்டை முழு மறுமொழி இல்லை."

"மறுமொழி வந்ததும் சொல்லுங்க. பிஸ்கட் எடுங்க."

அவர் மாடிக்குப் போன பிறகு நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாட்டாகப் பேசினேனே தவிர, உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. கதிரையும் இல்லை, முருகனும் இல்லை, அந்தச் சொல்லுக்குப் பின்னால் யாருமே இல்லை என்றால்? நான் யாருக்கு முகம் துடைத்து, யாருக்குக் கஞ்சி ஊட்டுகிறேன்?

அடுத்த கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் இதைக் கேட்டே விட்டேன். முஸ்லிம் பெண், சின்ன வயசு, எதற்கும் அலட்டிக்கொள்ளமாட்டாள்.

"ஆன்ட்டி, அது அவர் தேடி எடுக்கிற சொல்லு இல்ல," என்றாள். "பேச வாயத் தொறந்தா அது ஒண்டுதான் வருது. சில பேருக்கு இப்பிடி ஒரு சொல்லு ஒட்டிக்கொள்ளும். கதிரயும் இல்ல, சாமியும் இல்ல."

"அப்ப உள்ளுக்குள்ள ஒன்னுமே இல்லியாம்மா?"

"அப்பிடி நான் சொல்லல்லயே. நெறய ஈக்கி," என்றாள். இருக்கு என்பதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். "வெளிய வரத்தான் வழி இல்ல. நீங்க அந்தச் சொல்ல வுட்டுட்டு ராகத்தக் கேளுங்க."

வீட்டுக்கு வந்து ராகம் கேட்கத் தொடங்கினேன். கேட்டால், அடடா! காலையில் பேப்பர் பார்க்கும்போது ஒரு கதிரை, அது நீளமாக இழுபட்டுக் கடைசியில் காறித் துப்பும். பூனை மடியில் ஏறினால் ஒரு கதிரை, மெத்தென்று. நாத்தனாரின் போன் வந்தால் ஒரு கதிரை, அதை இங்கே எழுத முடியாது.

ஒரு நாள் சீனி இல்லாத தேநீரைக் கொண்டுபோய் நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "கதிரை?" என்றார்.

"சீனி கெடையாது. டாக்டர் வேணாம்னுட்டாரு."

"கதிரை கதிரை."

"டாக்டருக்கு என்ன தெரியும்னா கேக்குறீங்க? ஒங்களைப் பொழைக்க வெச்சதே அவருதான்."

"கதிரை. கதிரை கதிரை, கதிரை!"

"இதுல எங்கம்மாவை எதுக்கு இழுக்கிறீங்க?"

அவர் சட்டென்று நின்றார். கண் அகலமாகத் திறந்தது. பிறகு கோணிய வாயால் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவில்லை, தேநீர் சட்டையில் கொட்டியது. என் அம்மாவைத்தான் இழுத்திருக்கிறார்! அம்மாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருடைய மூக்கு ஒரு மாதிரி விடைக்கும். கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரிந்த மூக்கு அது. நானும் சிரித்தேன். பிறகு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவ்வளவு நிம்மதியான சண்டை எங்களுக்குள் நடக்கவில்லை. சத்தம் கேட்டுத் தம்பி பதறியடித்து மாடியிலிருந்து ஓடிவந்தார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் யோசித்தார்.

"அக்கா, அந்தச் சொல்லுக்குள்ளை உங்கடை அம்மாவை வைச்சது நீங்கள்தான்."

"இல்ல தம்பி. எங்கம்மாவை வெச்சது அவரு. நான் எடுத்தேன், அவ்வளவுதான்."

ஆனால் நாத்தனார் ராகம் கேட்கிற ஆள் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வாடகைக்கு ஒரு வான் வண்டி பிடித்து வாசலில் வந்து இறங்கினார். மடியில் அர்ச்சனைத் தட்டு, பின்சீட்டில் வாழைக்குலை. மகியங்கனை வழியாகக் கதிர்காமம் போவதென்று முடிவு செய்திருந்தார். மறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. சரி, யாருக்கும் விளங்காதது அந்த முருகனுக்காவது விளங்கட்டும் என்று கிளம்பினேன். என் கணவரை ஏற்றி இறக்க ஆண்துணை வேண்டுமென்று தம்பியையும் இழுத்துக்கொண்டோம்.

வானில் ஏறும்போதே என் கணவர், "கதிரை!" என்று கத்தினார்.

"பாத்தியா, என்ன அவசரம் அவனுக்கு," என்று நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திகனயில் தேநீருக்கு நிறுத்தினோம். தேநீர்க் கடைக்கு அடுத்ததே ஒரு ஹார்ட்வெயர் கடை. அதன் முதலாளி, என் கணவருக்குப் பல வருஷப் பழக்கம். இருவரும் ஒரே மொத்த வியாபாரியிடம் சாமான் எடுப்பவர்கள், ஆகவே நண்பர்களும் எதிரிகளும். வானில் இருப்பது யாரென்று பார்த்ததும் அவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"மொதலாளி! எறங்குங்க, எறங்குங்க! வந்து பாக்கணும் எண்டு நெனச்சிக்கிட்டே ஈந்தேன்!"

தம்பியும் நானும் தாங்கிப் பிடித்து இறக்கி, கடை வாசலில் அந்தக் கதிரையில் உட்கார வைத்தோம். என் கணவர் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, பல மாசத்துக்குப் பிறகு ஒரு கடையை உள்ளே எட்டிப் பார்த்தார். கண்கள் ஒவ்வொரு தட்டாகப் போயின. மினுமினுக்கும் தண்ணீர்த் திருகு குழாய்கள் ஒரு பலகையில் வரிசையாக மாட்டியிருந்தன. கோலால் அதைக் காட்டினார்.

"கதிரை?"

"அதா? புதுசா வந்த சாமான் மொதலாளி. நல்லாப் போகுது."

கையை நீட்டினார். முதலாளி ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். என் கணவர் இடது கையில் அதைத் தூக்கித் தூக்கி எடை பார்த்தார். புருவம் ஏறியது.

"கதி...ரை?"

"சேச்சே, பித்தளதான். சுத்தமான பித்தள."

பெருவிரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். மினுக்கம் பொருக்காக உதிர்ந்தது. நகத்தை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். "கதிரை," என்றார், மிகவும் மெதுவாக. அந்த மெதுவைக் கேட்டவர்கள் அவருடைய கடையில் அழுதிருக்கிறார்கள்.

முதலாளியின் முகம் சிவந்தது. "இந்த ஒரு துண்டு மட்டும் அப்பிடி ஈக்கும். அதுக்கு நான் கள்ளச் சாமான் விக்கிறேன் எண்டு சொல்றதா? அப்ப ஒங்கட கடைல வாங்கின பூட்டு? என்ட மச்சினன்ட ஊட்டு கேட்டுக்குப் போட்டது ஒரு மழைக்குத் துருப் புடிச்சிப் போச்சே, அது என்ன?"

"கதிரை கதிரை கதிரை!"

"எண்ணெயா? பூட்டுக்கு எண்ணெய் போட்டானா எண்டா கேக்குறீங்க? எவன் மொதலாளி பூட்டுக்கு எண்ணெய் போடுற?"

என் கணவர் வானத்தைப் பார்த்துக் கையை விரித்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது. தம்பி தேநீரைக் குடிக்க மறந்து நின்றார்.

"அக்கா," என்றார் தணிந்த குரலில். "அண்ணை இப்ப எண்ணெயைத்தான் சொன்னவரோ?"

"ஆமா."

"உங்களுக்கும் அப்பிடித்தான் விளங்கினதோ?"

"துருப் புடிச்ச பூட்டுக்கு அவர் வேற என்னத்தைச் சொல்லுவாரு?"

"அப்ப அந்த நினைப்பு அண்ணையின்ரை தலைக்குள்ளை இருக்கோ, இல்லை உங்கள் மூண்டு பேருக்கும் நடுவிலை..."

"இப்போதைக்கு அந்த மச்சினன் வீட்டு கேட்டுல தொங்குது தம்பி. டீ ஆறுது."

சண்டை முடிந்து, இரண்டு முதலாளிகளும் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கி உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார், "நேரமாச்சு, கெளம்பலாம்" என்றார். என் கணவர் பிளாஸ்டிக் கதிரையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்.

"கதிரை."

"அதுக்குத்தான்டா போறோம். எந்திரி."

"கதிரை!"

"அண்ணி," என்றேன். "வரலேங்கிறாரு."

"நீ சும்மா இரும்மா. வாயத் தொறந்து கதிரை கதிரைங்கிறான். ஒனக்குக் காது கேக்கலியா?"

"அவர் ஒக்காந்திருக்கிறதும் கதிரைதானே அண்ணி? அதைக் கேட்டா ஒக்காந்தாரு? இப்ப சொல்றது வரமாட்டேன்னு. அவர் மூஞ்சியைப் பாருங்க."

நாத்தனார் தன் உடன்பிறந்த தம்பியின் முகத்தைப் பார்த்தார். அநேகமாக அந்தச் சொல் வந்ததிலிருந்து அன்றுதான் சொல்லை விட்டு முகத்தைப் பார்க்கிறார். அப்படியே தேநீர்க் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. பக்தி அழுகை இல்லை, சின்னப் பிள்ளைகளின் அழுகை.

"நேந்துக்கிட்டது நான்தான்," என்றார். "இவன் ஆஸ்பத்திரியில கண்ணத் தொறக்காம கெடந்தப்ப, தொறந்தா ஒன் காலடிக்குக் கூட்டிட்டு வாறேன்னு முருகன்கிட்டச் சொன்னேன். சாமிக்குப் பயந்தே இருந்தேன். அவன் போன்ல கதிரைன்னதும் எனக்கு வேற ஒன்னும் கேக்கல."

என் கணவர் கோலை ஊன்றி, தானாகவே எழுந்தார். தாங்கப் போன தம்பியை விலக்கிவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து அக்காவிடம் போனார். கோலைப் படியில் சாய்த்துவிட்டு, நல்ல கையை அவர் தலையில் வைத்தார். "கதிரை," என்றார். அந்த ராகத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"என்னம்மா சொல்றான்?" என்று நாத்தனார் என்னைக் கேட்டார்.

"தெரியல அண்ணி," என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. அது எனக்குச் சொன்னதும் இல்லை.

கடைசியில் நாத்தனார் மட்டும் போவதென்று ஆயிற்று. ஆள் வராவிட்டால் அவருடைய சட்டையைக் கொண்டுபோனாலும் முருகன் ஏற்றுக்கொள்வார் என்று தேநீர்க் கடைக்காரர், ஒரு பௌத்தர், தீர்ப்புச் சொன்னார். பையில் வைத்திருந்த மாற்றுச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். தனியாக எப்படி அனுப்புவது என்று நான் யோசிக்க, தம்பி வானில் ஏறிக்கொண்டார்.

"நான் வாறன் அம்மா. ஒரு நினைப்பும் ஒண்டையும் பற்றினதில்லை எண்டால், நம்பிக்கை இல்லாதவன் போறதிலையும் பிழை இல்லைத்தானே?"

நாத்தனாருக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. "நல்ல புள்ள" என்று அவர் நெற்றியில் திருநீறு பூசினார். என் கணவரும் நானும் கண்டி பஸ் பிடித்து வீடு திரும்பினோம். தம்பி இரண்டு நாள் கழித்து மொட்டைத் தலையோடு வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டேன். "தெரியாது அக்கா, உங்கடை மச்சாள் கேட்டவ, மறுக்கேலாமல் போச்சு" என்றார்.

அதன் பிறகு பல மாசம் பயிற்சிக்குப் போனோம். என் கணவர் இப்போது காலையில் கொஞ்ச நேரம் கடையில் போய் இருக்கிறார். வியாபாரம் குறையவில்லை. ஒரே சொல்லில் திட்டு வாங்க வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

போன மாதம் ஒரு மாலையில் பாலத்தில் மெதுவாக நடந்துகொண்டிருந்தோம். கீழே மகாவலி கலங்கிப் போய் ஓடியது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றுவிட்டார்.

"என்னங்க யோசிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா," என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவரும் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுத் திகைத்து என்னைப் பார்த்தார். இன்னொரு தரம், பத்திரமாக, "சும்மா," என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் போன் போட்டேன். நாத்தனார், அது ஞானிகளின் சொல், முருகன் வேலையைத் தொடங்கிவிட்டான் என்றார். தம்பி மாடியிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தார். எதைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒன்றையும் பற்றியில்லை என்று பதில் வந்திருக்கிறது, அண்ணை நம்ம கட்சி என்று அவருக்குப் பெருமை. பயிற்சிப் பெண், கை வைத்த இடத்தில் இன்னொரு சொல் அகப்பட்டிருக்கிறது, மாஷா அல்லாஹ், இன்னும் வரும் என்றாள்.

இவர்கள் ஒருவருக்கும் கல்யாண வாழ்க்கை பற்றித் தெரியாது என்று நினைக்கிறேன். நாத்தனாருக்குத் தெரிந்திருக்க வேண்டும், மறந்துவிட்டார். என்ன யோசனை என்று மனைவி கேட்டு, சும்மா என்று புருஷன் சொன்னால், அங்கே கட்டாயம் ஏதோ இருக்கிறது. பாலத்தில் நின்றபோதே நான் அதை விடவில்லை.

"சும்மாவா? யாருக்கிட்டச் சொல்றீங்க? கடையில ஏதாச்சும் பிரச்சினையா? திரும்பவும் யார்கிட்டயாச்சும் சீனி போட்டு டீ வாங்கிக் குடிச்சீங்களா?"

அவருடைய கண் பாலத்தின் மறுகோடிக்குப் போயிற்று. அங்கே ஒரு தேநீர்க் கடை இருக்கிறது.